காடிக்கும் கிராண்டு, காணிக்கும் கிராண்டு

ஆயர் ஈத்தாமில், அண்ணாந்து பார்த்தால் கெக் லோக் சீ ஆலயத்தின் அடுக்குக் கோபுரம் தெரியும் ஒரு சந்தில், தகரக் கொட்டகையொன்றின் கீழே பழைய மோரிஸ் மைனர் மோட்டார் ஒன்று நிற்கிறது. வயது அறுபதைத் தாண்டியது. எண் பலகையில் பினாங்குக்குரிய ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து இன்னும் மங்கவில்லை. தோட்டத்துக் கிராணியார் ஒருவர் அதை வாங்கினார்; மளிகைக் கடன் ஏறிப்போகவே சீனத் தவுக்கே ஒருவரிடம் விட்டார்; தவுக்கேயின் பழைய கிட்டங்கி இடிபடும் நாளில் என் தமக்கை மகன் ரொக்கம் கொடுத்து வாங்கினான். ரசீது எழுதிக்கொள்ளவில்லை. கிராணியார் காலமாகிவிட்டார். ஆனால் சர்க்கார் புத்தகத்தில் மட்டும் அவரே இன்றும் அந்த வண்டியின் சொந்தக்காரர்.

“காடி நம்முடையதுதான், மாமா, கிராண்டுதான் இல்லை” என்றான் பிள்ளை.

“கிராண்டு இல்லையென்றால் நம்முடையது என்று எப்படிச் சொல்லுகிறாய்?” என்றேன்.

“பணம் கொடுத்தேன். பதினான்கு மாதம் துரு சுரண்டினேன். பிறகு யாருடையது?”

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டவன், மோட்டாரை விட்டு வெகு தூரம் போக நேர்ந்தது. காரணம் அந்தச் சொல்லே. மலாயாத் தமிழன் மோட்டாருக்குள்ள பதிவுச் சீட்டையும் கிராண்டு என்கிறான். நிலத்துக்குள்ள பத்திரத்தையும் கிராண்டு என்கிறான். மலாய்க்காரர் இரண்டையும் ‘கெரான்’ என்பர். ஒரே பெயரைத் தாங்கிய இவ்விரண்டு காகிதங்களும் ஒரே இனத்தவை என்று எண்ணுவது இயல்பு. எண்ணினால் மோசம் போவோம். இரண்டும் வெவ்வேறு சாதி. இன்னும் சொன்னால், ஒன்றுக்கொன்று நேர் எதிர். அது எப்படி நேர்ந்தது என்பதற்குப் பினாங்கின் இருநூற்று நாற்பது ஆண்டுச் சரித்திரமே சாட்சி.

பொருளொன்று தன்னுடையதென்று ஒருவன் நிலைநாட்ட, பண்டைத் தமிழர் மூன்று வழிகளைக் கண்டிருந்தனர். அது அவன் கையில் நெடுங்காலம் இருந்து வருவது ஒன்று, எழுத்து ஒன்று, அக்கம்பக்கத்தார் சாட்சியம் மற்றொன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையோர் வழக்காட வந்த கிழவரிடம் இந்த மூன்றில் ஒன்றைத்தான் கேட்கின்றனர். மணப்பந்தலில் சுந்தரரை மறித்து, ‘நீ என் அடிமை’ என்று ஓலை நீட்டிய கிழவர் அவர். சுந்தரர் அந்த ஓலையைக் கிழித்தெறிகிறார். கிழவரோ, கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவையில் எடுத்து நீட்டுகிறார். பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். கடவுளே வந்தாலும் ஆவணம் கேட்ட அவையை மெச்சுவதா, மனிதனை மனிதன் அடிமை என்று எழுதிய ஓலையையும் செல்லுபடியாக்கிய சட்டத்தை நினைந்து நாணுவதா என்பதை வாசகர் முடிவுசெய்து கொள்ளட்டும். மூலத்தை வீட்டில் வைத்துப் படியை வெளியே எடுத்துச் செல்லும் புத்தி கிராணியாருக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

கைவசம், எழுத்து, சாட்சி. இம்மூன்றில் எது முதல்? பினாங்கில் இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. வயிற்றுக் கேள்வியாக இருந்தது.

1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவில் கொடியேற்றியபோது, அது பெரும்பாலும் காடு. காட்டை வெட்ட ஆள் வேண்டும். கூலி கொடுக்கக் கம்பெனியார் மனம் வைக்கவில்லை. ஆகவே லைட் ஒரு வழி கண்டான். யார் எவ்வளவு வெட்டித் திருத்துகிறார்களோ, அவ்வளவும் அவரவர்க்கு. பத்திரம் பிறகு வரும் என்றான். பீரங்கியில் வெள்ளி நாணயம் அடைத்துக் காட்டுக்குள் சுட்டு, அதைப் பொறுக்கும் ஆசையால் ஆட்களைக் காடு வெட்டச் செய்தான் என்ற கதையை இன்றும் பினாங்குக் கிழவர்கள் சொல்லுவர். கதையாகவே இருக்கட்டும், அதன் உட்பொருள் மெய். ஆசை காட்டி உழைப்பு வாங்கினார்கள். எழுத்து வாங்கித் தரவில்லை. நிலத்தை முறைப்படி வழங்கக் கம்பெனி லைட்டுக்குத் தெளிவான அதிகாரமே கொடுத்திருக்கவில்லை என்பதை, அரிவாளெடுத்துக் காட்டுக்குள் போன சூலியத் தமிழனோ சீனனோ மலாய்க்காரனோ அறிந்திருக்க நியாயமில்லை.

அக்காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ‘வெட்டுச் சீட்டு’. மலாய் மொழியில் ‘சூராட் தெபாங்’. மரம் வெட்டலாம் என்ற அனுமதிதான் அது. வெட்டி, திருத்தி, அளந்தபின்தான் கிராண்டு. வெட்டினவர் பலர், அளக்கப்படும் வரை காத்திருக்கச் சக்தியுள்ளவர் சிலர். கடன் பட்டவர் நிலத்தைக் கடைக்காரனிடம் விட்டு அகன்றனர். லைட்டின் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட் தீவின் பெரிய நிலக்காரனானது இப்படிப்பட்ட காலத்தில்தான். மனிதர் இவ்வாறு காத்திருக்க, 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும், குயீன் தெருவில் மாரியம்மன் கோயில் எழுந்த இடத்துக்கும் கம்பெனியின் நிலக்கொடை கிடைத்துவிட்டது என்பதையும் இங்கே குறித்து வைப்போம். தெய்வங்கள் அந்த ஊரில் பத்திர விஷயத்தில் முந்திக்கொண்டன.

லைட்டின் சொந்த வீட்டுக் கதை இன்னும் வேடிக்கை. வேடிக்கை என்பதைவிட வேதனை. நகரிலிருந்து ஆயர் ஈத்தாமுக்குப் போகும் சாலையில், ஆற்றோரமாய், சஃபோக் இல்லம் என்ற பழைய மாளிகை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் பள்ளிக்கூடமாய் இருந்து, இடிந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டது. அந்த இடம் லைட்டின் மிளகுத் தோட்டம். 1794-இல் இறக்கும் முன்பு எழுதிய உயிலில், தன்னோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்ற மார்த்தினா ரோஸல்ஸ் என்னும் பெண்ணுக்கு அதை அவன் விட்டுச் சென்றான். சபையும் சட்டமும் அறிந்த மனைவியல்லள் அவள். உயில் இருந்தது, கையெழுத்து இருந்தது, ஆனால் தோட்டம் அவளிடம் நிலைக்கவில்லை. கை மாறி, பின்னாளில் தீவின் கவர்னராயிருந்த ஃபிலிப்ஸிடம் சேர்ந்தது. இன்று நாம் காணும் மாளிகை அந்தப் பிற்காலத்தது. தீவுக்கே பத்திரம் பிறகு தருவதாகச் சொன்னவன், தன் வீட்டுப் பெண்ணுக்கு உறுதியான பத்திரம் விட்டுப் போகவில்லை!

அவர்களுடைய மகன் வில்லியம் லைட். 1786-இல் கெடாவில் பிறந்தவன். இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, போர்களில் சேவித்து, தென் ஆஸ்திரேலியாவின் முதல் நில அளவைத் தலைவனாகி, அடிலெய்டு நகரத்துக்குக் கோடு போட்டவன் அவனே. 1839-இல் அங்கேயே மாண்டான். இவன் பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதை திரும்பவும் அடிலெய்டுக்கே போகப் போகிறது.

1807-இல் பினாங்குக்கு அரச சாசனம் வந்தது, கோர்ட்டு வந்தது, கோர்ட்டோடு ஆங்கிலச் சட்டமும் வந்தது. ஆங்கிலேயர் நிலச் சட்டம் என்பது சங்கிலி போன்றது. இன்றைக்கு விற்பவன், தனக்கு விற்றவனின் பத்திரத்தைக் காட்ட வேண்டும். அவன் தனக்கு விற்றவனுடையதை. அதற்கு முன்னவன் அவனுக்கு முன்னவனுடையதை. ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் ஐயம். இந்தச் சங்கிலியை இரும்புப் பெட்டியில் வைத்துக் காத்தவர்களில் நம்மவரும் உண்டு. பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார், நிலப் பத்திரங்களைக் கையில் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். எழுதிப் பதியக்கூட வேண்டாம். பத்திரத்தை ஒப்படைத்தால் போதும், ஆங்கிலச் சட்டம் அதை அடமானமாக மதித்தது. கிராண்டு என்ற சொல் நம் நாவில் ஏறியதற்கு அந்தப் பெட்டகங்களும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

ஆனால் அந்தப் பழைய முறையில் ஏழைக்கு ஒரு சிறு கதவு திறந்திருந்தது. பிறர் நிலத்தில் பன்னிரண்டு ஆண்டு வெளிப்படையாய், தடையின்றி, தன்னதாகவே அனுபவித்து வந்தவனை, அதன்பின் கிளப்ப முடியாது. காலம் பத்திரத்தின் வேலையைச் செய்யும். மலாய்க்காரரின் பழைய வழக்கமோ இன்னும் நேரானது. காடு வெட்டித் திருத்தியவன், பயிரிட்டுக்கொண்டு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அரசுக்கு இறுக்கும் வரையில் அவனை அசைக்கக் கூடாது. மலாக்காவில் எழுந்த சாரிப் என்பவரின் வழக்கில், 1870-களில், தலைமை நீதிபதி பென்சன் மாக்ஸ்வெல் இந்த வழக்கத்தை எடுத்து விளக்கினார். வெட்டினவன் கைக்கு மதிப்புக் கொடுத்த நீதிபதி.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே மாக்ஸ்வெல்லின் மகன் வில்லியம் மாக்ஸ்வெல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே ஒரு புது முறையைக் கற்றுவந்தான். டாரன்ஸ் என்பவர் 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில், அதாவது வில்லியம் லைட் கோடு போட்ட அடிலெய்டில், ஏற்படுத்திய முறை அது. சங்கிலி வேண்டாம், பழைய பத்திர மூட்டை வேண்டாம். சர்க்கார் ரிஜிஸ்தரில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். அதற்கு மேல் கேள்வியில்லை. கப்பல்களைப் பதிவு செய்யும் புத்தகத்தைப் பார்த்து டாரன்ஸ் இந்த யோசனையைக் கண்டார் என்பர். தெளிவான முறை, வழக்கு குறையும், வாங்குபவன் நிம்மதியாய் வாங்குவான். இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. மலாய் நாடுகள் 1890-களிலேயே அதைத் தழுவின. பினாங்கும் மலாக்காவும் மட்டும் ஆங்கிலச் சங்கிலியையே பிடித்துக்கொண்டிருந்தன, சுதந்திரம் வந்தபின்னும்.

1966 ஜனவரி முதல் நாள் அந்தச் சங்கிலி அறுந்தது. தேசிய நிலச் சட்டமும், பினாங்கு மலாக்கா உரிமைப் பத்திரங்களுக்கென்று 1963-இல் இயற்றிய தனிச் சட்டமும் அன்று நடைமுறைக்கு வந்தன. பழைய பத்திரங்களையெல்லாம் ஆராய்ந்து இடைக்காலப் பதிவேட்டில் ஏற்றி, பின்னர் நிலையான உரிமை எழுதுவதென்று ஏற்பாடு. லைட்டின் வாக்குறுதி, மகன் அளந்த ஊரைச் சுற்றிக்கொண்டு, நூற்று எண்பது ஆண்டு கழித்துக் காகிதமாய் வந்து சேர்ந்தது. ஆனால் பழைய கதவையும் அன்றே சாத்திவிட்டார்கள். பதிவான சொந்தக்காரனுக்கு எதிராக, எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அனுபவம் உரிமையாகாது என்பது புதிய சட்டத்தின் கண்டிப்பான விதி. பன்னிரண்டு ஆண்டும் செல்லாது, நூற்றிருபது ஆண்டும் செல்லாது.

ஆயர் ஈத்தாமிலேயே இதன் பலனைக் காணலாம். இன்று அடுக்குமாடிகள் நிறைந்த பண்டார் பாரு ஆயர் ஈத்தாம், முன்பு கூ கொங்சிக்குச் சொந்தமான தியன் தெய்க் தோட்டம். அங்கே குடியிருந்து காய்கறி பயிரிட்ட சீன உழவர்கள், 1980-களின் தொடக்கத்தில் நகரம் எழுந்தபோது எதிர்த்து நின்றார்கள். மண்ணைப் பண்படுத்தியது அவர்கள் கை. ரிஜிஸ்தரில் இருந்தது வேறு பெயர். தீவின் கிழக்கே, குளுகோர்ப் பக்கம் கம்போங் புவா பாலா என்ற தமிழ்க் கிராமம் இருந்தது. மாடும் ஆடும் வளர்த்துத் தலைமுறைகளாய் வாழ்ந்தவர்கள் நம்மவர். நிலம் ஒரு காலத்தில் பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தைச் சேர்ந்தது. பின்பு சர்க்காரிடமிருந்து கூட்டுறவுச் சங்கமொன்றுக்கு மாறியது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2009-இல் தோற்றது. அதே ஆண்டில் வீடுகள் தரைமட்டமாயின. மாற்று வீடுகள் தரப்பட்டன என்பது மெய்தான். ஆயினும் மாட்டைக் கட்ட அடுக்கு வீட்டில் இடமேது? லயத்திலே பிறந்து, லயத்திலே மாண்ட பால்மரத் தொழிலாளியின் கதையை நான் சொல்லத் தேவையில்லை. அவன் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறவேயில்லை.

இதுதான் நில கிராண்டு. காகிதமே உரிமை. இனி மோட்டார் கிராண்டுக்கு வருவோம்.

மோட்டாருக்குச் சீட்டு வந்தது சொந்தக்காரனைக் காப்பாற்ற அன்று. தெருவில் நடப்பவனைக் காப்பாற்ற. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1904 முதல் ஒவ்வொரு மோட்டாரும் எண் தரிக்க வேண்டியதாயிற்று. யாரையாவது இடித்துவிட்டு ஓடினால் பிடிப்பதற்காக. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதிவுப் புத்தகம் வந்தது. அது வரி வாங்குவதற்காக. ஆகவே அந்தப் புத்தகம் கேட்டது, ‘இந்த வண்டிக்குப் பொறுப்பாளி யார்?’ என்று, ‘உரியவர் யார்?’ என்று அன்று. புத்தகத்தில் பெயருள்ளவர் சட்டப்படி உரியவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற எச்சரிக்கையை அதிலேயே அச்சிட்டும் இருந்தார்கள். நமது குடியேற்ற நாடுகளிலும் அதே நோக்கந்தான். சிங்கப்பூருக்கு ஓர் எழுத்து, பினாங்குக்கு ஓர் எழுத்து, மலாக்காவுக்கு ஓர் எழுத்து. சிங்கப்பூரில் முதலாம் எண்ணைத் தாங்கிய வண்டியை ஓட்டியவர் டேர் என்னும் மாது. பெண் மோட்டார் ஓட்டுவதைக் கண்டு ஊர் வியந்த காலம். மலாயாவில் தனியாகப் போக்குவரத்து இலாகா ஏற்பட்டது 1946-இல். ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டில் வண்டிகள் பறிபோயின, காகிதங்கள் எரிந்தன, மனிதர்கள் மறைந்தனர். எந்த வண்டி யாருடையது என்ற குழப்பத்தின் நடுவே பிறந்த இலாகா அது.

மோட்டார்ச் சீட்டு உரிமைப் பத்திரமாகாது என்பதற்கு, இந்நாட்டு வழக்கொன்றே உலகெங்கும் சட்ட மாணவர் படிக்கும் பாடமாயிருக்கிறது. சர்தாரா அலி என்பவருக்குச் சரக்கு லாரி ஓட்ட ஆசை. ஆனால் அவருக்குப் பெர்மிட்டு கிடைக்காது. சஜன் சிங் என்பவருக்குக் கிடைக்கும். இருவரும் பேசிக்கொண்டார்கள். லாரியைச் சிங் வாங்கி அலிக்கு விற்றார். அலி பணம் கட்டி ஓட்டி வந்தார். பதிவும் பெர்மிட்டும் மட்டும் சிங் பெயரிலேயே இருந்தன. சில ஆண்டு கழித்துச் சிங் லாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். “புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது, உன் பேரமோ சட்ட விரோதம்” என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. 1960-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் அது காணப்படுகிறது. டெனிங் பிரபு சொன்ன முடிவு இது: பேரம் பெர்மிட்டு விதிகளுக்கு மாறானதுதான், ஆனாலும் விற்பனை நிறைவேறி, வண்டி கைமாறிவிட்டது, ஆகவே அலியே உரியவர், எடுத்துச் சென்றவர் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரிஜிஸ்தரில் சிங், உரிமையில் அலி!

இதையே நிலத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். புவா பாலாவின் குடியானவர் காட்டியது அனுபவம், ரிஜிஸ்தர் காட்டியது வேறு பெயர், ரிஜிஸ்தர் வென்றது. லாரியில் ரிஜிஸ்தர் தோற்றது. பெயர் ஒன்றாயினும் காகிதம் இரண்டு என்று நான் சொன்னது இதனால்தான்.

ஆகவே என் மருமகனிடம் சொன்னேன்: “கிராண்டு இல்லாததால் வண்டி உன்னுடையது அல்ல என்று பயப்படாதே. கையில் இருப்பதால் உன்னுடையதேதான் என்றும் துள்ளாதே.” உரிமை ஒன்று, அதைச் சர்க்கார் புத்தகத்தில் ஏற்றுவது மற்றொன்று. முதலாவதை நிரூபித்தால் இரண்டாவது வரும். அது இல்லாமல் வண்டி சாலையேற முடியாது. நிரூபிக்க வேண்டியது எதைக் கொண்டு? திருவெண்ணெய்நல்லூரார் கேட்ட அதே மூன்றைக் கொண்டுதான்.

கைவசம் முதலாவது. 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, ஒரு பொருள் ஒருவன் கையில் இருந்தால், அது அவனுடையதல்ல என்று சொல்பவனே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் ஸ்டீபன் என்பவர் வகுத்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே எண், இதே விதி. அங்கே 2024-இல் புதுச் சட்டம் வந்து பழையது ஓய்ந்தது, இங்கே அது வாழ்கிறது. இதோடு மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, ஒருவன் பொருளைப் பிறன் முறையின்றித் தனதாக்கிக்கொண்டு ஆறு ஆண்டு கடந்தும் உரியவன் வழக்கிடாவிட்டால், உரியவனின் பாத்தியதையே அற்றுப்போகும். ஏமாற்றி மறைத்திருந்தால் கணக்கு வேறு. நிலத்தில் 1966-இல் சாத்திய கதவு, மோட்டாரில் இன்றும் ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. லைட் காலத்து வெட்டுச் சீட்டுக்காரனுக்குக் கிடைக்காதது துருப்பிடித்த மோரிஸுக்குக் கிடைத்திருக்கிறது.

எழுத்து இரண்டாவது. கிராண்டு தொலைந்தால் எழுத்தே இல்லையென்று கைகட்ட வேண்டியதில்லை. எண் பலகையைக் கொண்டு பதிவேட்டைத் தேடினால் பெயர் வரும்; தவணைக் கடன் கொடுத்தவர் உரிமை கோரிப் பதிந்திருந்தால் அதுவும் தெரியும். அந்தக் கடன் தீர்ந்து நாற்பது ஆண்டாகியும் பதிவு நீக்கப்படாமல் கிடப்பதுண்டு. பழைய வரிச் சீட்டு, இன்ஷூரன்ஸ் தாள், பட்டறைப் பில், எல்லாம் எழுத்துத்தான். இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தார், பழைய தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து, இன்ன எண்ணுள்ள வண்டி இன்ன நாளில் செய்யப்பட்டது என்று அத்தாட்சி எழுதித் தருகிறார்கள். வண்டியின் பிறப்புப் பத்திரம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் பிறந்த நாளைச் சொல்லும் தாள், யார் வளர்த்தார் என்று சொல்லாது.

சாட்சி மூன்றாவது, பழைய வண்டிகளில் இதுவே உயிர். 1960-ஆம் ஆண்டின் சத்தியப் பிரகடனச் சட்டப்படி, அறிந்ததை அறிந்தவாறு எழுதிச் சத்திய ஆணையாளர் முன் கையொப்பமிடலாம், பொய்யென்றால் சிறை. தவுக்கே சொல்ல வேண்டியது, கடனுக்கு ஈடாக வண்டி தம்மிடம் வந்ததை. கிராணியார் வாரிசுகள் சொல்ல வேண்டியது, தந்தை அதை விட்டுவிட்டார், தங்களுக்கு அதில் கோரிக்கையில்லை என்பதை. இறந்தவர் பெயரில் இருப்பது அவர் சொத்தின் பகுதியாதலால், நிர்வாகப் பத்திரம் பெற்றவரே பெயர் மாற்றத்துக்குக் கையொப்பமிடத் தகுந்தவர். இவையெல்லாம் கிட்டியும் இணக்கம் ஏற்படாவிட்டால் கோர்ட்டு இருக்கிறது: 1950-ஆம் ஆண்டுக் குறிப்பீட்டுப் பரிகாரச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்கீழ், ‘இப்பொருள் இவருடையது’ என்று அறிவிக்கும்படி வழக்கிடலாம். இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதிய பிரிவுதான் அதுவும். செலவு வண்டியின் விலையைத் தாண்டும் என்று வக்கீல் நண்பர் சிரித்தார்.

ஒன்று மட்டும் செய்யக் கூடாது. குப்பைக்குப் போன வேறொரு மோரிஸின் கிராண்டை விலைக்கு வாங்கி, அதிலுள்ள எண்ணை இந்த வண்டியில் அடித்துக்கொள்ளலாம் என்று ஊரில் புத்தி சொல்பவர்கள் உண்டு. மருமகனுக்கும் ஒருவர் சொன்னார். விலை மலிவு, வேலை ஒரு பகல், ஆனால் அதன்பின் வண்டி யாருடையதும் அல்ல. கைவசமும் சாட்சியும் கொண்டு நேராய் நிரூபிக்கக்கூடிய உரிமையை, பொய்க் காகிதத்தால் தானே கொன்றுவிடுவதாகும் அது. எண் அழிந்த வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனால், திரும்பி ஓட்டி வர முடியாது.

தவுக்கேக்கு எண்பத்து மூன்று வயது. காது மந்தம். ஆனால் கடன் கணக்குப் புத்தகத்தை அவர் எறியவில்லை. கிராணியார் பெயரும், அரிசி, சீனி, மண்ணெண்ணெய்க் கணக்கும், கடைசியில் ‘காடி எடுத்துக்கொண்டேன்’ என்று சீன எழுத்தில் ஒரு வரியும், தேதியும் அதில் இருக்கின்றன. கிராணியாரின் மூத்த மகள் சுங்கை பட்டாணியில் வாழ்கிறார். போன வாரம் மருமகனும் நானும் போய்ப் பார்த்தோம். முதலில் அம்மையார் எங்களை நம்பவில்லை. பிறகு வண்டியின் படத்தைக் காட்டினான் பிள்ளை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பின்சீட்டுக்குக் கீழே ஓர் ஓட்டை இருக்குமே, அடைச்சிட்டீங்களா? மழை நாளில் பள்ளிக்கூடம் போகையில் என் சப்பாத்தெல்லாம் நனையும்” என்று கேட்டார்.

ஓட்டை இருந்தது, இவன்தான் தகடு வைத்து அடைத்தான். அவர் கையொப்பமிடச் சம்மதித்துவிட்டார்; தம்பிமார் இருவரையும் தாமே பேசி அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை கொட்டகையில் முகமூடியைத் தூக்கி, என்ஜினுக்குப் பின்னுள்ள சுவரில் ஆணியடித்த சிறு தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். எண் வந்தது. பிள்ளை உரக்கப் படித்தான். நான் பிரகடனத் தாளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். கடைசி எண் மூன்றா எட்டா என்று மட்டும் தெரியவில்லை. விடிந்ததும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.